வரம்பும் வழக்கும்: கைலி, தொப்பி, துப்பட்டி – ஒரு வரலாற்று நோக்கு

உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் கிப்லா ஒன்று, வேதம் ஒன்று. ஆயினும் அந்தக் கிப்லாவை நோக்கி நின்றவர்களின் உடை எக்காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அரஃபாப் பெருவெளியில் ஆண்கள் எல்லாரும் இரண்டு வெள்ளைத் துணிகளில் நிற்கின்றனர். இஹ்ராம் களைந்தபின் அதே மனிதர்களைப் பார்த்தால் ஜாவாக்காரர் தம் பாத்திக் சட்டையிலும், ஆப்கானியர் தம் தலைப்பாகையிலும், மேற்கு ஆப்பிரிக்கர் நிலம் தொடும் அகன்ற அங்கியிலும், நம்மவர் கைலியிலும் காட்சி தருகின்றனர். இஹ்ராம் நமக்கு ஒருமையைக் கற்பிக்கிறது. அதைக் களைந்தபின் தோன்றும் பன்மையை மார்க்கம் எங்கும் கடிந்ததில்லை.

இவ்வுண்மை நம் ஊர்களில் மெல்ல மறக்கப்பட்டு வருகிறது. கைலி அணிந்து இமாமத் செய்யலாமா, வெள்ளைத் துப்பட்டி பர்தாவாகுமா, தொப்பியில்லாத் தலையுடன் தொழுதால் கூடுமா என்ற கேள்விகள் மதரஸாக்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இவை ஃபிக்ஹு சார்ந்த கேள்விகளாகத் தோன்றினாலும் இவற்றின் வேர் வரலாற்றில் இருக்கிறது. நம் உடை எங்கிருந்து வந்தது என்பதை அறியாததால்தான் அது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற ஐயம் எழுகிறது. எனவே முதலில் மார்க்கம் வகுத்த வரம்பையும், பிறகு அந்த வரம்புக்குள் நம் முன்னோர் வளர்த்த வழக்கையும் நோக்குவோம்.

மார்க்கம் வகுத்த வரம்பு

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் ஆதமுடைய மக்கள் அனைவரையும் விளித்து, மானத்தை மறைப்பதும் அழகூட்டுவதும் உடையின் இரு பயன்கள் என்றும், இறையச்சம் என்னும் உடையே அனைத்திலும் மேலானது என்றும் உணர்த்துகிறது. இந்த வசனத்தில் உடையின் நோக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் வெட்டும் தையலும் சொல்லப்படவில்லை. ஸுன்னத்திலும் இதே போக்கைக் காண்கிறோம். அவ்ரத் மறைய வேண்டும், ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் ஆகா, பெருமைக்காக உடையை இழுத்துச் செல்லலாகாது, வீண்விரயம் கூடாது. இவைதாம் அடிப்படை வரம்புகள்.

நபி (ஸல்) அவர்கள் எதை அணிந்தார்கள் என்று ஹதீஸ் நூல்களைப் புரட்டினால் பல நாட்டு உடைகளைக் காண்கிறோம். யமன் நாட்டுக் கோடிட்ட ஹிபரா என்னும் போர்வை அவர்களுக்கு மிகவும் விருப்பமானதாக இருந்தது என அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். கமீஸை விரும்பினார்கள் என்பது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு. தபூக் பயணத்தில் கை குறுகிய ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். உளூவின்போது கையைச் சுருட்ட முடியாமல் உள்வழியாக எடுத்துக் கழுவினார்கள் என முகீரா (ரலி) கூறுகின்றார்கள். அந்த ஜுப்பாவை ஓர் அறிவிப்பு ஷாம் நாட்டினது என்றும், மற்றோர் அறிவிப்பு ரோம் நாட்டினது என்றும் குறிப்பிடுகின்றது. ஷாம் அன்று ரோமப் பேரரசின் பிடியில் இருந்த கிறிஸ்தவ நாடு. அங்கே தைத்த உடையை அணிவதில் நபியவர்கள் தயக்கம் காட்டவில்லை.

ஃபுகஹாக்கள் இதிலிருந்து பெற்ற தெளிவு வியக்கத்தக்கது. நம் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் ‘மின்ஹாஜ்’ நூலில், ஹிஜ்ரி 676 (கி.பி. 1277)இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்), சாட்சியத்துக்குரிய கண்ணியத்தைப் பற்றிப் பேசும்போது, தம் காலத்திலும் இடத்திலும் தம்மை ஒத்தவர்களின் நடைமுறையைப் பேணுவதே கண்ணியம் என்று விளக்குகின்றார்கள். வழக்கத்தில் இல்லாத ஊரில் ஒரு ஃபகீஹ் கபா என்னும் அங்கியையும் கலன்ஸுவா என்னும் தொப்பியையும் அணிவதைக் கண்ணியக் குறைவுக்கு எடுத்துக்காட்டாகவே கூறியுள்ளார்கள். ஓர் ஊரில் சிறப்பாகக் கருதப்படும் தொப்பி மற்றோர் ஊரில் கண்ணியத்தைக் குறைக்கலாம்!

ஹிஜ்ரி 790 (கி.பி. 1388)இல் மறைந்த அந்தலூஸ் அறிஞர் இமாம் ஷாத்திபீ (ரஹ்) ‘முவாஃபகாத்’தில் இன்னும் தெளிவாக எழுதுகின்றார்கள். தலையைத் திறந்திருப்பது கீழை நாடுகளில் இழிவு. மேலை நாடுகளில் இழிவன்று. ஆகவே அதைப் பற்றிய தீர்ப்பும் நாட்டுக்கு நாடு மாறும் என்பது அவர்களின் முடிவு. வழக்காறும் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்ற ஃபிக்ஹுச் சட்டவிதியின் நடைமுறை உருவமே இது. ஊராரிடமிருந்து வேறுபட்டுப் புகழ் தேடும் உடையைக் கண்டிக்கும் ஹதீஸும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

கடல் தந்த கைலி

இனி நம் உடைக்கு வருவோம். அரபுகளின் பழைய உடை இரண்டு துண்டுகளாக இருந்தது. இடுப்பில் சுற்றுவது இஸார். மேலே போர்த்துவது ரிதா. ஸஹாபாக்களில் பலர் இஸாரும் ரிதாவும் அணிந்தே வாழ்ந்தனர். இந்த இஸாரின் நெருங்கிய உறவுதான் நாம் உடுத்தும் கைலி. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைய வேண்டும் என்ற ஷரீஅத்தின் வரம்பை இது தடையின்றி நிறைவேற்றுகின்றது. இரு முனைகளையும் சேர்த்து மூட்டிவிட்டால் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் விலகாது. ருகூவும் ஸுஜூதும் செய்பவனுக்கு இதைவிட வசதியான உடை அரிது. கால்சட்டை அணிந்தவனைக் காட்டிலும் கைலி கட்டியவன் உருவ அளவில் பத்ருக்களத்தின் மக்களுக்கு அண்மையில் நிற்கின்றான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த உடையின் பரப்பை உலகப் படத்தில் குறித்துப் பார்ப்பது பயன்தரும். சோமாலியாவில் மஅவீஸ், ஸ்வாஹிலிக் கரையில் கிக்கோய், யமனில் ஃபூத்தா, உமானில் விஸார், கேரளத்தில் முண்டு, தமிழ்க் கரையில் கைலி, இலங்கையிலும் தென்பாண்டிக் கரையிலும் சாரம், பர்மாவில் லோஞ்சி, மலாய் நாட்டிலும் ஜாவாவிலும் சாரோங். நம் ‘சாரம்’ என்ற சொல்லே மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். இதே படத்தின் மீது ஷாஃபிஈ மத்ஹப் பரவிய நாடுகளைக் குறித்தால், யமன், சோமாலியா, ஸ்வாஹிலிக் கரை, கேரளம், தமிழ்க் கரை, இலங்கை, மலாய் நாடு என இரண்டு கோடுகளும் பெரும்பாலும் ஒன்றன்மீது ஒன்றாக விழக் காணலாம். கிதாபும் துணியும் ஒரே கப்பலில் பயணம் செய்தன. பருவக்காற்றை நம்பிய வணிகர்களே ஆலிம்களையும் ஏற்றிச் சென்றனர். அவர்களே துணிப்பொதிகளையும் ஏற்றிச் சென்றனர்.

அத்துணிகளில் மிகப் பெரும் பங்கு நம் கரையில் நெய்யப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ், பழவேற்காட்டுத் துணி அங்கே வந்திறங்கியதைக் குறித்திருக்கின்றார். 1613இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியதற்கும் அத்துணியே காரணம்; கிழக்குத் தீவுகளின் மிளகையும் கிராம்பையும் வாங்க அங்கே வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலத் துணி நன்கு செலாவணியாயிற்று. இன்றைக்கும் மலாய் மக்கள் கட்டம் போட்ட பருத்திச் சாரோங்கைப் பழவேற்காட்டின் பெயராலேயே ‘பெலிக்காட்’ என்று அழைக்கின்றனர். மஃரிபுக்குப் பள்ளி செல்லும் மலாய் முதியவரின் இடுப்பில் ஒரு தமிழ்க் கரையூரின் பெயர் இருக்கின்றது.

1801இல் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், 1826இல் சிங்கப்பூரில் சூலியாப் பள்ளிவாசலையும் எழுப்பியவர்கள் இக்கரையிலிருந்து சென்ற நம்மவர்களே. அவர்கள் இங்கிருந்து கைலித் துணியைக் கொண்டுசென்றனர். அங்கிருந்து பாத்திக் துணியையும் கருப்பு வெல்வெட்டுத் தொப்பியையும் கொண்டுவந்தனர். கொடுத்ததும் கொண்டதும் கலந்து உருவானதே நாம் ‘நம் உடை’ என்று சொல்வது.

குதிரை வழியும் கடல் வழியும்

உடை வரலாற்றைப் படிக்க விரும்புவோருக்குப் புதுக்கோட்டை மாவட்டம் நல்லதொரு களம். 1974இல் திருச்சி மாவட்டத்தின் புதுக்கோட்டைப் பகுதியும் தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியும் இணைக்கப்பட்டு உருவானது இம்மாவட்டம். ஆகையால் இதற்கு ஒரு கடல்முகமும் ஓர் உள்நாட்டு முகமும் உண்டு. மீமிசல், கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாப்பட்டினம் எனக் கரையோரம் நெடுக முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். உள்ளே தொண்டைமான் அரசின் பழைய நிலப்பரப்பில் ராவுத்தர்களின் ஊர்கள். மரக்காயர் என்ற பெயர் மரக்கலத்தை நினைவூட்டுவது. ராவுத்தர் என்ற பெயர் குதிரையை நினைவூட்டுவது. முன்னவரில் ஷாஃபிஈகளும் பின்னவரில் ஹனஃபீகளும் மிகுதி.

உடையிலும் இந்த இரு வழிகளின் தடம் உண்டு. கரையோர மக்களின் கைலியும் தொப்பியும் கடல் வழி வந்தவை. தலைப்பாகையும் நீண்ட அங்கியும் பைஜாமாவும் வடக்கிலிருந்து குதிரைப் படைகளோடும் நவாபு ஆட்சியோடும் நிலவழி இறங்கியவை. ஆனால் தலைப்பாகை முஸ்லிம்களின் தனிச்சொத்து அன்று. இந்நாட்டு மன்னர்களும் அம்பலக்காரர்களும் உழவர்களும் தலையில் துணி சுற்றியவர்களே. அவர்கள் தலைத்துணிக்கு வழங்கும் ‘உருமால்’ என்ற சொல் பாரசீகத்தின் ‘ரூமால்’. நம்மவர்க்கு மார்க்க அடையாளமான தலைத்துணி, அடுத்த வீட்டாருக்கு மரியாதையின் அடையாளம். ஒரே துணி இரு வீட்டிலும் கண்ணியத்தையே குறித்தது.

மறுபுறம், மேலாடை தைத்து அணிவது பழந்தமிழருக்கு அயலார் வழக்காகத் தோன்றியது. முல்லைப்பாட்டு சட்டையணிந்த யவனரை அச்சம் தரும் தோற்றத்தினராகக் காட்டும். சட்டைக்கு அது ஆளும் சொல் ‘மெய்ப்பை’. அந்தச் சட்டையை இன்று அயலாரின் உடை என்று சொல்வார் யாருமில்லை. அரபு மொழியின் ‘கமீஸ்’ என்ற சொல்லுக்கும் லத்தீன் மொழியில் உறவுச்சொல் உண்டு. எந்த உடையையும் அதன் பிறப்பிடத்தைக் கொண்டு மட்டும் எடைபோட்டால் எந்தச் சமூகத்தின் பெட்டகத்திலும் ஒன்றும் மிஞ்சாது.

தொப்பியின் கதை

வழக்கு எவ்வாறு மார்க்கச் சின்னமாக மாறுகின்றது என்பதற்குத் துருக்கித் தொப்பியின் வரலாறு சிறந்த சான்று. செந்நிறமும் கருங்குஞ்சமும் கொண்ட ஃபெஸ் தொப்பி மஃக்ரிப் நாடுகளிலிருந்து உஸ்மானிய ஆட்சிக்கு வந்தது. 1829இல் இரண்டாம் சுல்தான் மஹ்மூத் அரசு அலுவலர்கள் தலைப்பாகையைக் களைந்து அதை அணிய ஆணையிட்டார். அன்று அதைப் புதுமை எனக் கருதி முகம் சுளித்தோர் பலர். ஆண்டுகள் செல்லச் செல்ல அதுவே முஸ்லிம்களின் அடையாளமாயிற்று. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக் கொண்டபோது இஸ்தன்பூல் மக்கள் ஆஸ்திரியப் பொருள்களைப் புறக்கணித்தனர். அப்போது முதலில் கைவிடப்பட்ட பொருள்களுள் ஒன்று தலையிலிருந்த ஃபெஸ். ஏனெனில் அதில் பெரும்பகுதி ஆஸ்திரியத் தொழிற்சாலைகளில்தான் செய்யப்பட்டது!

1925 நவம்பரில் முஸ்தஃபா கமாலின் அரசு ஐரோப்பியத் தொப்பியைக் கட்டாயமாக்கியது. நூறாண்டுக்கு முன் புதுமை எனக் கருதப்பட்ட ஃபெஸ்ஸைக் காக்க இப்போது மக்கள் திரண்டனர். ஐரோப்பியத் தொப்பியை எதிர்த்து 1924இல், அதாவது சட்டம் வருவதற்கு முன்பே, நூல் வெளியிட்டிருந்த இஸ்கிலிப் ஊர் ஆலிம் ஆதிஃப், 1926 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். தலைக்குமேல் வைக்கும் துணிக்காகத் தலையே போன காலம் அது. ஒரு தொப்பியை வலிந்து சூட்டுவதும் வலிந்து கழற்றுவதும் ஒரே அதிகாரச் செருக்கின் இரு முகங்கள்.

தமிழ் பேசும் முஸ்லிம்களின் வரலாற்றிலும் இத்தொப்பிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. எகிப்தின் விடுதலைக்குப் போராடித் தோற்ற உராபி பாஷா 1883 முதல் 1901 வரை இலங்கையில் நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்தார். இலங்கை முஸ்லிம்களிடையே துருக்கித் தொப்பி பரவ அவரும் அவருடைய தோழர்களும் காரணமாயினர். 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வாதாட வந்தபோது தலைமை நீதியரசர் லேயார்ட் அதற்கு இசையவில்லை. தலையைத் திறப்பது ஆங்கிலேயரின் மரியாதை. தலையை மூடுவது முஸ்லிமின் மரியாதை. ஷாத்திபீ (ரஹ்) ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய அதே வேறுபாடு ஒரு நீதிமன்றத்தில் நேருக்கு நேர் நின்றது. அப்துல் காதர் வெளியேறினார். 1905 டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடித் தம் உரிமையைக் கோரினர். இறுதியில் தொப்பியுடன் வாதாட இசைவு கிடைத்தது. இலங்கை முஸ்லிம்கள் ஒரு சமூகமாகத் தம்மை உணர்ந்த தொடக்க நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

வெள்ளைத் துப்பட்டி

பெண்களின் உடைக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கிப் புதுக்கோட்டைக் கரை, உள்நாட்டு ராவுத்தர் ஊர்கள் வரை, நம் தாய்மார்கள் வெளியே செல்லும்போது சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்துச் சென்றனர். நெய்த பருத்தித் துணி, தலை முதல் கணுக்கால் வரை மூடும், வெயிலுக்கு இதமானது, வீட்டிலேயே துவைத்து வெளுக்கலாம். அதன் ஓரத்தை வாயோரம் பிடித்து முகத்தை மறைக்கும் பாங்கு தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. ஷரீஅத் கேட்ட மறைப்பையும் இந்த மண்ணின் தட்பவெப்பம் கேட்ட துணியையும் அது ஒருங்கே தந்தது. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குப் பயணம் பெருகியதும் கருப்பு அபாயா வந்தது. இன்று பல ஊர்களில் துப்பட்டியை முதியவர்களிடம் மட்டுமே காண முடிகிறது.

அபாயாவை நான் குறைத்துப் பேசவில்லை. அது கண்ணியமான உடை. பேருந்தில் செல்லவும் கல்லூரிக்குச் செல்லவும் வசதியானது. அதை நம் பெண்கள் தாமே விரும்பி ஏற்றனர். துப்பட்டி போர்த்த பாட்டி பர்தா இல்லாதவராக இருந்தார், பேத்திதான் பர்தாவுக்கு வந்தாள் என்று பேசப்படுவதைத்தான் ஏற்க இயலவில்லை. அது வரலாற்றுப் பிழை. நம் முன்னோர் மீதான அவதூறும் ஆகும்.

இப்னு பதூதாவின் அனுபவம் இங்கே நமக்குப் பாடம். 1343–44இல் மாலத்தீவில் காழியாக இருந்தபோது, அங்குள்ள பெண்களின் உடையை மாற்ற அவர் முயன்றார்; தம் நீதிமன்றத்துக்கு வருவோரை மாற்ற முடிந்ததேயன்றித் தீவை மாற்ற முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். அத்தீவுகளில் பெண்கள் பிற்காலத்தில் நீண்ட கையுள்ள மேலாடைக்கு வந்தனர். ஆனால் அது ஒரு காழியின் ஆணையால் வந்ததன்று. ஆணைக்கு அசையாத உடை காலத்துக்கு அசையும்.

ஆப்பிரிக்காவின் யொரூபா முஸ்லிம்கள்

மாலத்தீவிலிருந்து நம் மஅபர் நாட்டுக்கு வந்து மதுரைச் சுல்தானிடம் தங்கிச் சென்ற அதே இப்னு பதூதா, 1352–53இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குச் சென்றார். அங்கும் சில உடைப் பழக்கங்களை அவர் கடிந்தார். எனினும் அம்மக்கள் ஜும்ஆவுக்கு வெள்ளை உடுத்துவதையும், பழைய சட்டை ஒன்று மட்டுமே உடையவரும் அதைத் துவைத்து உடுத்தி வருவதையும் மனமாரப் போற்றினார். மாலியிலிருந்து தென்கிழக்கே பரவிய இஸ்லாத்தைப் பெற்ற சமூகங்களுள் ஒன்று, இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்கள். இஸ்லாத்துக்கு அவர்கள் மொழியில் ‘இமாலே’ என்ற பழம்பெயர் வழங்குவதை மாலியுடன் தொடர்புபடுத்துவோர் உண்டு. நம்மைப் போலவே அவர்களும் தாய்மொழியை விடாமல் முஸ்லிம்களானவர்கள். நாம் பரக்கத் என்பதை அவர்கள் அலுபரிக்கா என்பர். நாம் துஆ என்பதை அவர்கள் அதுரா என்பர்.

அவர்களின் ஆண்கள் புபா என்னும் சட்டையும் ஷொக்கொத்தோ என்னும் கால்சட்டையும் அணிந்து, அவற்றின் மேல் அக்பாதா என்னும் அகன்ற அங்கியை இட்டு, அதன் கைகளைத் தோள்மீது மடித்துக் கொள்வர். தலையில் ஃபிலா என்னும் மென்துணித் தொப்பி. அது ஒருபுறம் சாய்ந்து மடிந்திருக்கும். பெண்கள் தலையில் கெலே என்னும் துணியை விரித்துக் கட்டுவர். விழாக்களுக்குரிய துணி அஷோ ஒக்கே. நான்கு விரற்கடை அகலமுள்ள நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைப்பர். இஸெயின் நகரம் இந்நெசவுக்குப் பெயர்பெற்றது. காட்டுப் பட்டுப்பூச்சியின் நூலில் நெய்த மங்கல் நிறத் துணி சன்யான். சிவப்புத் துணி அலாரி. அவுரி தோய்த்த கருநீலத் துணி எத்து.

அகன்ற அங்கி அந்நாட்டுக்கு வந்தது வடக்கே ஹவுஸா, நூபே முஸ்லிம் அரசவைகளின் தொடர்பால். இன்று யொரூபா மக்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழ ஒத்த அளவினர். ஒரே குடும்பத்திலும் இரு சமயத்தாரும் உண்டு. அக்பாதாவும் ஃபிலாவும் கெலேயும் எல்லாருக்கும் பொது. இலேயா என்று அவர்கள் அழைக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும், திருமணத்துக்கும் குடும்பத்தார் அனைவரும் ஒரே துணியில் உடை தைத்து அணிவர். அதற்குள் மார்க்க அடையாளத்துக்கும் இடம் வைத்திருக்கின்றனர். ஆலிமை அவர்கள் ‘ஆல்ஃபா’ என்பர். அவர் பட்டம் பெறும்போது லவானி என்னும் தலைப்பாகை சூட்டப்படுகிறது. ஹஜ்ஜு செய்து வந்த ‘அல்ஹாஜா’வின் தலைக்கட்டும் தனித்துத் தெரியும். ஊரின் உடைக்குள் மார்க்கத்தின் ஒழுங்கு என்னும் இந்த முறை நாம் அறியாத ஒன்றன்று.

நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் நேரடியான நூல் தொடர்பும் உண்டு. அதில் ஒரு பகுதி வேதனையானது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் வாங்கிய துணியில் ஒரு வகைக்கு ‘கினியாத் துணி’ என்றே பெயர். கினியாக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க அது கொடுக்கப்பட்டது. தறியில் அமர்ந்தவனுக்குத் தன் துணி எதற்கு விலையாகும் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி செனகல் ஆற்றங்கரைக்குச் சென்று, அரபுக் கோந்துக்கு மாற்றாக அளந்து கொடுக்கப்பட்டது. ஸஹாரா முஸ்லிம்களின் அங்கியும் தலைப்பாகையும் ஆயிற்று. நைஜீரியாவின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் கட்டம் போட்ட சென்னைத் துணியை ‘இஞ்ஜிரி’ என்று பெயரிட்டுப் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளுக்கு உரியதாக்கிக் கொண்டனர்.

அவ்வாறு விலைபோனவர்களில் யொரூபா முஸ்லிம்களும் இருந்தனர். பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், சால்வடார் நகரில், அவர்களை ‘மலே’ என்று அழைத்தனர். இமாலே என்பதன் திரிபு அது. அடிமைகளாயிருந்தும் அவர்கள் மறைவாகக் குர்ஆன் ஓதினர், எழுதக் கற்பித்தனர், தொழுகைக்கென வெள்ளை நெடுஞ்சட்டை ஒன்றைத் தைத்து வைத்திருந்தனர். அதன் பெயர் ‘அபதா’. தாயகத்து அக்பாதாவின் நினைவு அது. அதை அவர்கள் மூடிய கதவுகளுக்குள் மட்டுமே அணிந்தனர். ஹிஜ்ரி 1250 ரமளானின் இறுதிப் பத்தில், 1835 ஜனவரி 24–25 இரவில், அவர்கள் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்தபோது அந்த வெள்ளை உடையுடன் தெருவில் இறங்கினர். கிளர்ச்சி ஓரிரவில் ஒடுக்கப்பட்டது. பின்னர் நடந்த விசாரணைகளில் வீடுகளிலிருந்து கைப்பற்றப்பட்ட அரபு எழுத்துத் தாள்களோடு அந்தச் சட்டைகளும் குற்றத்தின் சான்றாக வைக்கப்பட்டன. ஒரு தொழுகைச் சட்டை வைத்திருந்ததே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று.

இன்று சால்வடார் நகரில் ‘அபதா’ என்று கேட்டால், கார்னிவல் ஊர்வலக் குழுக்கள் விற்கும் வண்ணப் பனியனைக் காட்டுவர். சொல் பிழைத்தது, பொருள் மறைந்தது. தொழுதவர்களின் வழித்தோன்றல்கள் அந்தச் சொல்லை ஆடுகளத்தில் உச்சரிக்கின்றனர். உடையின் வரலாற்றை எழுதி வைக்காத சமூகத்துக்கு நேரக்கூடியது இதுவே.

நம் முன் நிற்கும் கடமை

உடை இன்றும் வழக்குமன்றப் பொருளாகவே இருக்கின்றது. 2017 டிசம்பரில் நைஜீரியத் தலைநகர் அபூஜாவில், இலோரின் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற ஒரு பெண், ஹிஜாபுக்கு மேல் வழக்கறிஞரின் பொய்முடியை அணிந்து வந்ததற்காகப் பட்டமேற்பு விழாவில் அனுமதிக்கப்படவில்லை. 2018 ஜூலையில் ஹிஜாபுடனேயே ஏற்கப்பட்டார். கொழும்பில் 1905இல் எழுந்த கேள்விதான் அது. 2022 ஜூனில் நைஜீரிய உச்ச நீதிமன்றம் லாகோஸ் அரசுப் பள்ளிகளில் ஹிஜாபுக்கு இசைவளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் கல்வி நிலையங்களில் ஹிஜாபுக்கு இருந்த தடையை நிலைநிறுத்தியது. அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். இது மார்க்கத்தின் இன்றியமையாப் பகுதியா என்று மன்றங்கள் கேட்கும்போது, எது வரம்பு, எது வழக்கு என்பதை நாமே தெளிவாக அறிந்திருந்தால்தான் தக்க விடை சொல்ல முடியும். தலையை மறைப்பது வரம்பைச் சார்ந்தது. எந்தத் துணியால், எந்த நிறத்தில் என்பது வழக்கைச் சார்ந்தது. முன்னதை விட்டுக்கொடுக்க இயலாது. பின்னதை ஒரு நாட்டின் பாணிக்குள் அடைக்கவும் இயலாது.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நிலங்களின் அழகில் பாடினார். அதனால் நபியவர்களின் வரலாறு திரியவில்லை. தமிழ் நெஞ்சங்களுக்கு அண்மையாயிற்று. நம் தாய்மார் துப்பட்டியில் செய்ததும், தந்தையர் கைலியில் செய்ததும் அதுவே. அரபு நாட்டு அங்கியை விரும்பி அணிவோர் அணியட்டும். அது ஆகுமான ஒன்று. அதுவே தீனுடைய உடை, மற்றவை குறையுடையவை என்று எண்ணுவது மட்டும், ரோம நாட்டு ஜுப்பாவையும் யமன் நாட்டுப் போர்வையையும் தயங்காமல் அணிந்த நபி (ஸல்) அவர்களின் வழிமுறைக்கு ஒத்ததன்று.

செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நம் ஊர்களின் பழைய பெட்டகங்களில் துப்பட்டிகளும், மலாய்க் கைலிகளும், குஞ்சம் உதிர்ந்த துருக்கித் தொப்பிகளும் இன்னும் சில இருக்கின்றன. அவற்றின் பெயரையும், வந்த ஊரையும், அணிந்த முறையையும் சொல்லத்தக்க முதியவர்களும் சிலர் இருக்கின்றனர். ஒவ்வொரு ஜமாஅத்தும் அவற்றைத் திரட்டிப் படமெடுத்து, பெயரெழுதி, பள்ளிவாசல் நூலகத்தில் ஓர் ஏட்டிலாவது பதிந்துவைக்கலாம். அரபுக் கல்லூரி மாணவர்கள் ‘கிதாபுல் லிபாஸ்’ ஓதும்போது தம் ஊரின் உடையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் பணிக்கலாம். பாஹியாவின் மக்கள் எழுதி வைக்க வாய்ப்பற்ற அடிமைகளாக இருந்தனர். நமக்கு அத்தகைய தடை எதுவுமில்லை.

அல்லாஹ் நமக்குத் தக்வா என்னும் மேலான உடையை அணிவிப்பானாக! வல்லாஹு அஃலம்.